நகத்துறேன்

காலை ஆறு மணிக்கு கோவிந்தப்பாவின் வேன் ஈஜிபுரா சந்துக்குள் பின்பக்கமாக வந்து நிற்கும். கோரமங்களா அபார்ட்மென்ட்களில் வேண்டாம் என்று கொடுத்த துணிகள், முப்பது மூட்டைக்குக் குறையாது. இறக்கி, அவிழ்த்து, உதறி, பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்த்து, அக்குளை முகர்ந்து, காட்டன் ஒரு கூடை, பாலியஸ்டர் ஒரு கூடை, கந்தல் ஒரு கூடை என்று பிரிக்க வேண்டும். எட்டு மணிக்குள் மூக்கு முழுக்கப் பஞ்சுத் தூசி. யாருடையதோ வியர்வையும் யாருடையதோ சென்டும் எங்கள் கையில் ஒட்டியிருக்கும். பத்து மணிக்கு முன்பக்கம் கடை திறக்கும். வருமானம் மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சிக்கு என்று வாசலில் பலகை. அந்த மாற்றுத்திறனாளிகள் நாங்கள்தான். பயிற்சி இந்த மூட்டைகள்தான்.

பாஞ்சாலி அக்கா மூன்றரை அடி உயரம். ஸ்டூலில் ஏறி நின்று பட்டன் தைப்பாள். ஃபிராங்க்ளினுக்குக் காது கேட்காது. இஸ்திரி போடுவான். லவினாவுக்குக் கண் தெரியாது. துணி பிரிப்பாள். எனக்குப் பேச்சு திக்கும். கே.ஜி.எஃப்பில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன். போன இன்டர்வியூக்களில் தீபிகா என்ற என் பெயரையே சொல்லி முடிக்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு இங்கே டிரெய்னியாகச் சேர்ந்தேன். இன்றும் டிரெய்னி.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. லவினா வந்த அன்று பாஞ்சாலி அக்கா ஏற்படுத்தியது. எந்தப் பொருளை இடம் மாற்றினாலும் "நகத்துறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஃபிராங்க்ளின் மட்டும் மேசையை இரண்டு முறை தட்டுவான். என் வாயில் அந்தச் சொல் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அது முடியும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். லவினா நீட்டிய கையை அந்தரத்தில் அப்படியே நிறுத்தியிருப்பாள். அந்தப் பொறுமைதான் அவளிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

அவள் வந்து பத்து மாதம்தான். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தேய்ப்பு. காட்டன். இன்னொரு தேய்ப்பு. டெரிகாட்டன். நான் ஒரு மூட்டை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடிப்பாள். அவள் பிரித்ததிலிருந்து நூல் உருவிக்கொண்டு போய், பின்கட்டில் தீக்குச்சி வைத்துப் பார்த்தேன். பருத்தி எரிந்தால் காகிதம் கருகும் வாசனை. பாலியஸ்டர் உருகி மணியாகும். பதினேழு நூல் எரித்தேன். பதினேழிலும் அவள்தான் சரி. ஒன்றிலாவது தவறியிருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கடையை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் கஸ்தூரிரங்கன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வருடத்துக்கு ஒருவரை மட்டும் ஸ்டாஃப் ஆக்குவார். கழுத்தில் நீல அட்டை, இ.எஸ்.ஐ. வைத்தியம், நிரந்தர வேலை. இந்த வருடம் சூப்பர்வைசர் இடம். அது லவினாவுக்குத்தான் என்று எல்லோரும் பேசினார்கள். நான் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கந்தல் கூடையைக் கொட்டப் போய்விடுவேன்.

வியாழக்கிழமை ஏதோ கம்பெனியிலிருந்து பார்க்க வந்திருந்தார்கள். நான் பாலியஸ்டர் கூடையில் போட்ட ஒரு சட்டையை லவினா எடுத்தாள். தேய்த்தாள். சிரித்தாள்.

"தீபிகா, இது ரேயான்டி. காலேஜ்ல சொல்லித் தரலியா?"

வந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் அவளைப் படம் எடுத்தார். படத்தில் விழாதபடி நான் விலகி நிற்கவேண்டியிருந்தது.

அவர்கள் போனதும் ஃபிராங்க்ளின் தண்ணீர் பிடிக்கப் போனான். இஸ்திரிப் பெட்டி மேசையின் வலது ஓரத்தில், அதற்குரிய இடத்தில், சூடாக நின்றிருந்தது. மூட்டை வைக்க இடமில்லை. பெட்டியை இடப்பக்கம் ஒரு சாண் தள்ளினேன். சொல் வாய்வரை வந்தது. உதட்டை மூடிக்கொண்டேன். ஒரு தடவையாவது அவள் கை தடுமாறட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

லவினா கத்தவில்லை. மூச்சை மட்டும் இழுத்தாள். பெட்டியில் பட்டவை துணியைத் தேய்க்கிற அதே இரண்டு விரல்கள்.

குழாயடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி அக்கா, "தீபிகாவுக்கு வார்த்தை சிக்கிக்கிச்சு, பாவம் அவ என்ன செய்வா" என்றாள். நான் தலையாட்டினேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக என் திக்கல் எனக்கு உதவியது.

மறுநாள் காலை கஸ்தூரிரங்கன் வந்தார். யார்மேலும் தப்பில்லை என்றார். கண் தெரியாதவளை இஸ்திரி இருக்கிற அறையில் விட்டதுதான் தப்பு. ஆகவே லவினா இனி வரவேண்டாம். சூப்பர்வைசர் வேலையைத் தீபிகா பார்த்துக்கொள்ளட்டும். நீல அட்டையை என் முன்னால் வைத்தார்.

பாஞ்சாலி அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "அவ கைக்கு வைத்தியம் யாரு சார் பாப்பாங்க?"

"டிரெய்னிக்கு இ.எஸ்.ஐ. கிடையாதும்மா. இது கம்பெனி இல்ல, சேவை. இங்க வேலைக்காரங்கன்னு யாரும் இல்ல. எல்லாரும் கத்துக்கிறவங்க."

"டாக்டருக்கே அஞ்சரை வருஷம்தான் சார் படிப்பு. நான் ஏழு வருஷமா பட்டன் தைக்கப் படிக்கிறேன்."

"வெளிய போனா உங்களை எவன் உள்ள விடுவான்? அதை யோசிச்சுப் பேசு."

"நாங்க உள்ள வரலேன்னா உங்க கடை எப்படி சார் தொறக்கும்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை பெரிய விற்பனை, மூட்டைகள் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டையைப் பார்த்தேன். மூன்று வருடம் ஆசைப்பட்ட நீலம். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. யார் பெயரும் அதில் பொருந்தும்.

லவினா இடது கையால் பையைத் துழாவி எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. மேசையைத் தட்டினேன். அவள் நின்றாள்.

"சொ... சொல்லல" என்றேன். "தி... திக்கல. வேணும்னே சொல்லல."

பாஞ்சாலி அக்கா அதைச் சைகையில் ஃபிராங்க்ளினுக்குச் சொன்னாள். அவன் என்னிடமிருந்து ஓரடி தள்ளிப்போய் நின்றான்.

"தெரியும்" என்றாள் லவினா. "நீ திக்குனா மூச்சு முதல்ல கேக்கும். நேத்து மூச்சே கேக்கல."

இதை ஏன் சாரிடம் சொல்லவில்லை என்று பாஞ்சாலி அக்கா கேட்டாள்.

"சொன்னா இவளையும் அனுப்பிட்டு வேற ரெண்டு டிரெய்னி கொண்டாருவாரு. ஒரே ஒரு கார்டை நடுவுல போட்டா நாமளே அடிச்சுக்குவோம்னு அவருக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "உன்ன மன்னிக்கிறதெல்லாம் அப்புறம்டி. விரல் ஆறட்டும், பாக்கலாம்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்று ஊசியும் இஸ்திரியும் ஓடவில்லை. நான்கு பேரும் பேசினோம். டிரஸ்டுக்கு ஒரு கடிதம் கொடுப்பது என்று முடிவானது. அதை நான் எழுதினேன். எழுதும்போது எனக்குத் திக்காது. லவினா வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் கைக்கு டிரஸ்ட் வைத்தியம் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் முடித்த ஒவ்வொருவருக்கும் நீல அட்டை வேண்டும். இவற்றுக்கு மேலே, விபத்துக்குக் காரணம் லவினாவின் கண் இல்லை, நான்தான் என்று எழுதினேன். அந்த வரி இருந்தால் என்னைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள் என்றாள் பாஞ்சாலி அக்கா. இருக்கட்டும் என்று தலையசைத்தேன்.

வலது கையில் கட்டு இருந்ததால் லவினா இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். ரேகை எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்று பாஞ்சாலி அக்கா மெச்சினாள். ஒரு ரேகைக்குக்கூட என்னுள் அந்தப் பொறாமை முள் அசைந்தது. அது போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வேன் வந்தது. மூட்டை இறக்க யாரும் போகவில்லை. பாஞ்சாலி அக்கா கோவிந்தப்பாவிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவர் வேனை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

துணி பிரிக்கும் மேசையை முன்கடை வாசலுக்குக் கொண்டுபோய்க் குறுக்கே போடுவது என்று முடிவு. வாங்க வருகிறவர்கள் முதலில் எங்களைப் பார்க்கட்டும். கடிதம் மேசைமேல் இருந்தது. பெயர் எழுதாத நீல அட்டையை அதன்மேல் குத்தியிருந்தோம்.

ஆளுக்கொரு மூலை பிடித்தோம். லவினா இடது கையால் பிடித்திருந்தாள். ஃபிராங்க்ளின் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ந..." என்றேன். "ந... ந..."

வெளியே கஸ்தூரிரங்கனின் கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. யாரும் அவசரப்படவில்லை. நான் முடிக்கும்வரை நான்கு மூலைகளும் காத்திருந்தன.

"நகத்துறேன்."

ஃபிராங்க்ளின் மேசையை இரண்டு முறை தட்டினான். தூக்கினோம்.