ரெண்டுக்குள் இருந்தால் ஒரே ஆள்

கிடங்கில் மூட்டை இறக்குகிறவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் எழுத்து கைகூடியது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத்தான் வாசிப்பார். அதே கிடங்கின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கும் கொழுந்தியாளுக்கு அது தெரியாது. அக்கா புருஷன் பேப்பரே படிக்கிறார் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நாலு தாளோடு வந்தாள்.

“மாமா, நம்ம லைப்ரரியில புதுசா ஒண்ணு சேர்க்கறேன்.”

“லைப்ரரியா? ஒரு புத்தகத்தையும் காணோமே.”

“இது புரோகிராம் லைப்ரரி மாமா. ஒரு பேரை இன்னொரு பேரா ஆக்க எத்தனை எழுத்தைச் சேர்க்கணும், எடுக்கணும், மாத்தணும்னு எண்ணிச் சொல்லும். பதிவேட்டுல ஒரே ஆளோட பேரைப் பல விதமா எழுதி வச்சிருக்காங்க. வித்தியாசம் ரெண்டுக்குள்ள இருந்தா ஒரே ஆளுன்னு சேர்த்துடலாமான்னு பாக்கறேன். இந்த ஜோடிகள்ல எது ஒரே ஆள், எது வேற ஆள்னு உங்களுக்குத்தான் தெரியும். டிக் அடிச்சுக் குடுங்க.”

முதல் தாளுக்கே பாதி வேளை கரைந்தது. அவள் எதிரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மாமா, பரீட்சையா எழுதறீங்க?”

முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மீதித் தாள்களில் சும்மா கண்ணை ஓட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் ‘ஒரே ஆள்’ என்றே டிக் அடித்தார்.

“எல்லாம் சரிதானே?”

“கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போ.”

மூன்றாம் தாளில் ஒட்டகம் இருந்தான். நெட்டையாய் இருப்பதால் அந்தப் பட்டப்பேர். பத்து வருஷம் அவரோடு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவன். முதுகில் ஆபரேஷன் ஆனபின் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாறியிருந்தான். ‘கனம் தூக்கக் கூடாது’ என்று பதிவேட்டில் அவன் பேருக்கு எதிரே எழுதியிருந்தது. ராத்திரி ஷிப்டில் இன்னொருவன். நிஜப் பேரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டு பேரையும் ஒன்றாக்கியதில் அந்தக் குறிப்பு போய்விட்டது.

புது மேஸ்திரி ஒட்டகத்தை லாரிக்கு அனுப்பினார். “என்னால தூக்க முடியாதுங்க” என்றதற்கு, “லிஸ்டுல அப்படி ஒண்ணும் இல்லையேப்பா” என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்து குனிந்தவன், நாலாவது மூட்டையோடு விழுந்தான். டிக் அடித்தவர் அப்போது பக்கத்து லாரியில்தான் இருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தியாள் அழுதாள். ஆபீசில் அவளிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். “தப்பு என்னுதுதான் மாமா. ரெண்டுன்னு வச்சது நான்தானே.”

“இல்லைம்மா. நான் படிக்கவே இல்லை. முதல் தாளோட சரி. உனக்கு முன்னால விரல் வச்சுப் படிக்க வெட்கமா இருந்துச்சு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒட்டகத்தின் முதுகு அதன்பின் நிமிரவே இல்லை.

அவள் அந்த எண்ணிக்கையைக் குறைத்தாள். இனி எண்ணிக்கையை மட்டும் நம்பி யாரையும் ஒன்றாக்காதபடி மாற்றினாள். பிறகு ஒருநாள் அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அந்தப் புரோகிராமை யார் தொட்டாலும் முதலில் சோதிக்க வேண்டிய வரி என்று ஒட்டகத்தின் பேரையும் மற்றவன் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அவர் திரையில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். அவள் காத்திருந்தாள்.

“வேற ஆள்தான்” என்றார்.

அன்றைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.