செங்கோலும் விளக்கெண்ணெயும்

தக்கலைக்கு மேற்கே, பேச்சிப்பாறைக் கால்வாய் சாலையைக் கடக்கும் இடத்தில், 'ராஜவைத்தியசாலை' என்னும் பெயர்ப்பலகை ஒன்று நெடுநாளாக நிற்கிறது. எழுத்துகளுக்கு மேலே ஒரு கிரீடம். கிரீடத்துக்கு மேலே ஒரு சிலுவை. இரண்டையும் சுற்றி அணைந்தணைந்து எரியும் விளக்குச் சரம். அதன் உரிமையாளர் ஜான்ரோஸ் ஆசானுக்கு ஐம்பத்தெட்டு வயது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் வயிறு முதலிலும் ஆசான் அதன் பின்னரும் வந்து சேர்வது வழக்கம்.

அவரிடம் வருவோர் பெரும்பாலும் சுளுக்குக்காரர்கள், இருசக்கர வண்டியில் விழுந்தவர்கள், ரப்பர் பால் வெட்டித் தோள் பிடித்துக்கொண்டவர்கள். யாவர்க்கும் ஒரே விளக்கெண்ணெய், பூசவும் குடிக்கவும். அதனோடு ஒரே கதை. குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வருமுன் வாழ்ந்த தம் மூதாதை இசக்கிமாடன் ஆசான், வைத்தியர் பதினால்வர் கைவிட்ட திருவிதாங்கூர் மன்னர் ஒருவரைக் குணப்படுத்தினார் என்பதே அக்கதை. எண்ணெய் மாறுவதில்லையாயினும் மன்னரின் நோய் மாறும். முட்டுவலிக்காரனிடம் சொல்லும்போது மன்னருக்கு முட்டுவலி. தலைவலிக்காரியிடம் சொல்லும்போது தலைவலி. மூலநோய்க்காரன் வந்தால் மன்னரும் மூன்று மாதம் உட்கார மாட்டார். ஆசான் சொன்ன நோய்களெல்லாம் உண்மையாயின், அம்மன்னருக்கு நாட்டை ஆள ஒரு பகற்பொழுதேனும் மிஞ்சியிருக்க வழியில்லை.

இக்கதைக்குச் சான்றுகள் இரண்டு இருந்தன. ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த செங்கோல். மூங்கிலால் ஆன அதன் தலைப்பகுதியில் வட்டமாக எட்டுத் துளைகள் இருந்தன. அவற்றில் இரத்தினங்கள் பதித்திருந்ததாகவும், வெள்ளைக்காரன் தோண்டிக்கொண்டு போய்விட்டதாகவும் ஆசான் கூறுவார். மற்றொன்று, சிவப்புப் பட்டில் பொதிந்த ஓலைச் சுவடி. ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் போதகரின் ஜெபம் வாங்கி வருவது அக்குடும்பத்து மரபு. ஓராண்டு அது காணிக்கைப் பொருள்களான பூசணிக்கும் சேனைக்கும் இடையே சிக்கி ஏலத்துக்கு வந்துவிட, ஆசான் பதறிப்போய்த் தம் சுவடியைத் தாமே ஏலங்கூறி மீட்டார். போட்டிக்கு நின்றவர் அதனை அடுப்பெரிக்கக் கேட்டதாகப் பின்னர் தெரியவந்தது.

அச்சுவடியை எவரும் அவிழ்த்ததில்லை. தகுதியற்றவன் அவிழ்த்தால் கண் போய்விடும் என்பது குடும்பத்து எச்சரிக்கை. பழைய மலையாண்மை எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் குடும்பத்தில் ஒருவரும் இல்லை என்பதை அதைவிடக் கண்ணியமாகச் சொல்ல இயலாது.

இவ்வாறு மானத்தோடு போய்க்கொண்டிருந்த வாழ்வில், கன்னியாகுமரியிலிருந்து பிரபின் என்பவன் காரில் வந்து இறங்கினான். துபாயில் பன்னிரண்டு ஆண்டுகள் விடுதித் தொழில் பழகிவிட்டு வந்தவன்; இப்போது 'கடல்முனை' என்னும் ரிசார்ட்டின் மேலாளன்.

"ஆசானே, எங்க ரிசார்ட்டுல 'மகாராஜா சிகிச்சை'ன்னு ஒண்ணு தொடங்கப் போறோம். ஏழு நாளு. ஒங்களத்தான் ராஜவைத்தியராட்டு வைக்கணும்னு மொதலாளிக்கு ஆசை. ஆனா வெளிநாட்டுக்காரன் ஆதாரம் கேப்பான் பாத்துக்கிடுங்க. அந்தச் சுவடிய வாசிச்சு, போட்டோ எடுத்து, சட்டம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டணும்."

"அதத் தொறந்தா கண்ணு போவும் மக்கா."

"நீங்க தொறக்காண்டாம். பல்கலைக்கழகத்துல படிக்குத ஒரு பிள்ளை வரும். அதுக்கு இப்பமே கண்ணாடி உண்டு."

ராஜவைத்தியர் என்று தாமே சொல்லிக்கொண்டு திரிவது வேறு. ஒரு நிறுவனம் சட்டம் போட்டு மாட்டிச் சொல்வது வேறு. தம்முடைய எண்ணெயையும் கதையையும் ஊரார் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள் என்பது ஆசானுக்கு உள்ளூரத் தெரியும். அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அவர் உடனே நாகர்கோவிலுக்குப் போய்ச் சரிகைத் தலைப்பாகை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார்.

அவருடைய மனைவி ஓமனா அதனை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, இதக் கெட்டிக்கிட்டு மீன் வாங்கப் போயிராதீங்க. பேண்டு செட்டுக்காரன்னு நினைச்சு, கல்யாணத்துக்கு வருவியளான்னு கேப்பாவ."

"நீ மிண்டாம இரு ஏட்டி. ராஜகளை ஒனக்கு எங்க தெரியும்?"

"தெரியும். களை பறிக்கத்தானே என்ன இந்த வீட்டுக்குக் கெட்டிக்கொடுத்தாவ."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு மாணவி ரெஜிஷா வந்தாள். கையுறை, முகக்கவசம், தூரிகை, புல்தைலப் புட்டி எல்லாவற்றையும் மேசைமேல் ஒழுங்காகப் பரப்பினாள். முடிச்சு அவிழும் வேளையில் ஆசான் இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை என்பது அவர் கருத்து. பிரபின் அலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாற்பது ஓலைகளில் முப்பத்து மூன்று வெற்றோலை. எழுத்திருந்தவை ஏழுதான்.

"இது வைத்தியச் சுவடி இல்ல ஆசான். நீட்டு. அரண்மனையிலேருந்து வந்த உத்தரவு," என்றாள் ரெஜிஷா.

"அப்போ அதவிட விசேஷம்லா!" என்று ஆசான் கண்களைத் திறந்தார்.

ஆண்டும் மன்னர் பெயரும் இருந்த ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. எஞ்சியதை அவள் விரலால் தொடர்ந்து மெல்ல வாசிக்கலானாள்.

"'திருமேனி நேரமொன்றுக்கு நாற்பத்திரண்டு வகை கறி அமுது செய்து வந்தமையால், மலம் கட்டி, வாயு ஏறி, துயில் நீங்கி இருக்கையில்...'"

"பாத்தியளா! நோயி வயித்துல!" என்றார் ஆசான், அதையே தாம் எப்போதும் சொல்லிவந்தவர்போல.

"'வைத்தியர் பதினால்வரும் விதித்த மருந்து எதனையும் திருமேனிக்குச் செலுத்துமுன், வயதும் வயிறும் ஒக்கும் ஒருவனுக்குச் செலுத்திப் பார்க்க வேண்டும் என்று கற்பித்தபடிக்கு, கருப்பட்டி காய்ச்சும் இசக்கிமாடனைப் பிடித்துக் கொண்டுவந்து...'"

மூதாதையின் பெயரைக் கேட்டு எழுந்து நின்ற ஆசான், எழுந்தபடியே நின்றுவிட்டார். அப்பெயரோடு 'ஆசான்' என்னும் சொல் ஒட்டியிருக்கவில்லை.

"'...நாற்பத்தொரு நாளில் பேதி ஏழும், வாந்தி மூன்றும், அட்டை பத்தொன்பதும் கொடுக்க, இவன் படும் பாட்டைத் திருமேனி மேல்நிலைச் சாளரத்திலிருந்து திருக்கண் சார்த்தி, அருவருப்பு மிகுந்து, ஒன்பது நாள் கஞ்சித்தெளிவு அன்றி ஏதும் அமுது செய்யாதிருக்க, மருந்து ஒன்றும் கொள்ளாமலே நோய் நீங்கினமையால், வைத்தியர் பதினால்வர்க்கும் பொன்னில் வீரசங்கிலி கற்பித்து...'"

"இசக்கிமாடனுக்கு?" என்று கேட்டாள் ஓமனா. அவளுடைய முகத்தில் அன்று காணப்பட்ட ஆர்வம் முப்பது ஆண்டு இல்லறத்தில் காணப்படாதது.

"'...இசக்கிமாடன் மருந்து குடிக்க வரும் நாளில் மட்டும் மேற்கு வாசல் வரைக்கும் குடை பிடித்து வரலாம் என்று அனுமதித்து, பனையோலைக் குடை ஒன்றும் கொடுத்து...'"

நால்வர் தலையும் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பின. எட்டுத் துளைகளும் இப்போது எட்டுக் குடைக் கம்பிகளின் துளைகளாகவே தெரிந்தன. அந்நாளில் பனைத்தொழில் செய்வோன் அரண்மனைத் தெருவில் குடை பிடிப்பது குற்றம். ஆகவே அது சிறிய பரிசு என்று எவரும் சொல்லிவிட முடியாது. எனினும் அது செங்கோல் அன்று.

"அம்மா, மக்களே," என்றார் ஆசான், குரல் இறங்கி. "அந்த நடுவுல உள்ள ஒரு மூணு ஓலைய விட்டுட்டு வாசிச்சா என்னா? கரையான் தின்னுட்டுதுன்னு சொல்லலாம்லா?"

"கரையான் தின்னதத்தான் தின்னதா எழுத முடியும் ஆசான். உள்ளத இல்லன்னு எழுதினா எனக்க பட்டத்த அது தின்னுரும்," என்று ரெஜிஷா கையுறைகளைக் கழற்றினாள்.

பிரபின் முற்றத்துக்குப் போய்த் தன் முதலாளியோடு பத்து நிமிடம் தொலைபேசினான். ஆசான் தலைப்பாகையை மடிமேல் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். திரும்பி வந்த பிரபினின் முகமோ மலர்ந்திருந்தது.

"மொதலாளி துள்ளுதாரு ஆசானே! 'ராஜவைத்தியன் எல்லா ரிசார்ட்டுலயும் உண்டுலே. நமக்குப் பதிலா மருந்து குடிக்க ஆளு எங்க உண்டு?'ன்னு கேக்காரு. கெஸ்ட்டு கட்டில்ல படுத்துருப்பாரு. நீங்க அவருக்க எதிர நின்னு குடிப்பிய. அம்புடுதான்."

"நானா? குடிக்கணுமா?"

"பரம்பரைத் தொழில்தானே."

ஆசானின் கண்கள் அலைபேசியின் மேல் நின்றன. வாசித்தது முழுவதும் அதற்குள் இருந்தது. அவர் மறுத்தால் மாலைக்குள் தக்கலை முழுவதும் பார்க்கும். பலகையிலுள்ள கிரீடத்தை அவரே ஏணி வைத்து இறக்க வேண்டிவரும்.

"பெயரு?" என்று மட்டும் கேட்டார்.

"பெயரு 'ராஜவைத்தியர்'னேதான் இருக்கும். ஓலைய அப்பிடியே சட்டம் போட்டு மாட்டுவோம். அத எவன் வாசிக்கப் போறான்?"

ஆசான் தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்தார். அதுவே சம்மதம்.

"இத்தன தலமொறையா ஊருக்கெல்லாம் மருந்து குடுத்தாச்சு," என்றாள் ஓமனா. "ஒரு வாரம் நீங்களும் குடிச்சுப் பாருங்க. ஒங்க மருந்து குடிச்ச எங்கள நினைச்சுப் பாப்பிய."

முதல் விருந்தினராகப் படுத்தவர் ரிசார்ட்டின் முதலாளியான சிலுவை என்பவரே. மீன் ஏற்றுமதியில் உயர்ந்து, உயர்ந்த அளவுக்குப் பருத்தவர். அவருக்கும் மலச்சிக்கல், வாயு, உறக்கமின்மை. நாகர்கோவில் மருத்துவர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். முதலாளி மருத்துவரை மாற்றினார். திருவனந்தபுரத்து மருத்துவரும் அதையே சொன்னார்; அவரும் மாற்றப்பட்டார். அந்த வகையில் அவர் மாற்றாதது சாப்பாடு ஒன்றைத்தான்.

கடலைப் பார்த்த அறையில் பட்டு மெத்தைமேல் அவர் சாய்ந்திருக்க, எதிரே தலைப்பாகையோடு நின்ற ஆசான் முதல் நாள் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயைக் குடித்தார். தாம் பிறர்க்கு எழுதிக்கொடுக்கும் அளவு அது. அவ்வளவு பெரிய கிண்ணம் என்று அன்றுதான் கண்டார். கால் மணி நேரத்தில் அவர் முகம் வெளிறி, நடை விரைந்து, விரைவு ஓட்டமாகி, தலைப்பாகை நடைபாதையிலும் அவர் கழிவறையிலுமாகப் பிரிய நேர்ந்தது.

முதலாளி பொரித்த விளைமீனை மென்றுகொண்டே கட்டில் குலுங்கச் சிரித்தார். "ஓடும்வே, ஓடும்! ராஜவைத்தியர் ஓடுத ஓட்டத்தப் பாருலே பிரபினு!"

இரண்டாம் நாள் நிலவேம்புக் கஷாயம். ஆசான் குமட்டிய ஓசையில் முதலாளியின் சிரிப்புப் பாதியில் நின்றது. மூன்றாம் நாள் மீண்டும் விளக்கெண்ணெய். கிண்ணம் வரும்போதே முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்னால் இருந்த நண்டு வறுவலைத் தள்ளிவைத்தார். நான்காம் நாள், "இன்னைக்கு எனக்குக் கஞ்சி போரும்," என்றார். ஐந்தாம் நாள் அதையும் பாதி வைத்தார். ஆறாம் நாள் அதிகாலை, பல்லாண்டுகளுக்குப் பிறகு, முதலாளிக்கு எல்லாம் தானே நடந்தது. அச்செய்தியை அவர் பணியாளர் அனைவரையும் வரவழைத்து அறிவித்தார்.

"ஓய் ஆசானே! ஒம்ம மருந்து அபாரம்வே!"

"நீங்க ஒண்ணும் குடிக்கலியே மொதலாளி," என்றார் ஆசான், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"அதுதாம்வே அபாரம்!"

கழிவறையின் தனிமையில் ஆசானுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. முப்பது ஆண்டு வைத்தியத்தில், தம்மால் ஐயத்துக்கிடமின்றிக் குணமான முதல் நோயாளி இவரே. அவ்வெண்ணம் பெருமையா அவமானமா என்று தீர்மானிக்குமுன் மறுபடியும் வயிறு அழைத்தது.

ஏழாம் நாள் நண்பகலில் பாராட்டு விழா. சிகிச்சையை வகுத்தமைக்காகப் பிரபினுக்கு முதலாளி தம் கழுத்திலிருந்த பொற்சங்கிலியைக் கழற்றி அணிவித்தார். கைதட்டல் ஓய்ந்தபின் ராஜவைத்தியர் அழைக்கப்பட்டார். ஏழு நாளில் அவர் இளைத்திருந்தமையால் தலைப்பாகை புருவம்வரை இறங்கியிருந்தது. ஆகவே கையில் கொடுக்கப்பட்டது இன்னதென்று அவருக்கு உடனே தெரியவில்லை. நீளமாக, வளைந்த பிடியோடு இருந்தது. 'கடல்முனை' என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது.

குடை.

வெளியே முற்றத்து மணல் கொதித்தது. அவர் குடையை விரிக்கப் போகையில் காவற்காரர் ஓடி வந்தார்.

"ஆசானே, இங்க விரிக்காதீங்க. கெஸ்ட்டுக்குக் கடலு மறையும். கேட்டுக்கு வெளிய போயி விரிச்சுக்கிடுங்க."

"கேட்டு எந்தப் பக்கம்?"

"மேக்கால."

ஆசான், மடக்கிய குடையை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வாசல்வரை நடந்தார். வாசலைத் தாண்டிய பின்னும் அதனை விரிக்க அவருக்குத் தோன்றவில்லை. பேருந்திலும் அப்படியே மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்தார்.

வீடு சேரும்போது கிழக்கே மலை இருண்டு, தக்கலையில் தூறல் தொடங்கியிருந்தது. அவர் நேரே கண்ணாடிப் பெட்டியிடம் சென்று, பழைய காம்பை ஓரமாக நகர்த்தி, புதிய குடையை அதன் பக்கத்தில் கிடத்தினார். இரண்டும் நீளத்தில் சரியாக இருந்தன.

"அங்க என்னத்த வைக்கிய?" என்று ஓமனா அடுக்களையிலிருந்து வந்தாள். பெட்டிக்குள் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒட்டிப்போன கன்னத்தையும் பார்த்தாள்.

"கஞ்சி இருக்கு. சூடாட்டுக் குடியுங்க. எண்ணெ ஒரு சொட்டு இல்ல."

பிறகு பெட்டிக்குள் கைவிட்டுக் குடையை எடுத்தாள்.

"ஏட்டி, அது மரியாதைக்குத் தந்தது."

"கொடியில கெடக்குத துணி பூரா நனையுது," என்று சொல்லிக்கொண்டே, அவள் வாசற்படியில் நின்று அதனைப் பட்டென்று விரித்து, மழைக்குள் இறங்கிப் போனாள்.