தண்ணீர் குடிக்காத பெண்கள்

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடைக்கு மூன்று மாடி. விற்பனைக்கு நிற்பவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. முதலாளியின் அறைக்குள் ஒன்று இருந்தது, அது அவருக்கு மட்டும். காலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா அரை டம்ளரோடு பஸ் ஏறினால், அதன் பிறகு தொண்டை வறண்டாலும் தண்ணீரைத் தொடமாட்டோம். முடியவே முடியாதபோது எதிர் ஹோட்டலுக்கு ஓடி, வேண்டாத சாயா ஒன்றை வாங்கி வைத்துவிட்டு உள்ளே நுழைவோம். அதற்கும் சூப்பர்வைசர் சசிதரன் தலையாட்ட வேண்டும்.

"இப்பத்தானே போன? வயித்துக்குள்ள ஆறா ஓடுது?" என்பான். கணக்குமேசை ஆண்கள் சிரிப்பார்கள்.

கல்யாணப் புடவைப் பிரிவில் என் பக்கத்தில் நின்றவள், எனக்கு அக்கா போன்ற விலாசினி சேச்சி. அவளைத் தேடியே வரும் குடும்பங்கள் உண்டு. அந்த வருடம் அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது, போனது, மறுபடி வந்தது.

"டாக்டர் தண்ணி குடி, தண்ணி குடிங்கறாரு சுஹரா. குடிச்சதை எங்க கொண்டுபோய் விடறதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு" என்று சிரித்தாள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஒரு மணப்பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். சேச்சி சசிதரனிடம் கெஞ்சிக் கேட்டாள். "இவங்க போகட்டும்" என்றான். மறுபடியும் கேட்டாள். கேட்காதவன்போல் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். விரித்த சரிகைக்கரைக் கசவுப் புடவையைப் பிடித்தபடி நின்றாள், முகம் வெளுத்திருந்தது. காலடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"கடையையே நாறடிச்சிட்டியேடி. நீயே துடை!" சசிதரன் துடைப்பானை அவள் முன்னால் எறிந்தான்.

துடைத்தாள். நானும் குனிந்து துடைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும், ஈரப் புடவையோடு அவள் உட்காரவில்லை.

அன்றே காய்ச்சல் கண்டது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பார்க்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மோளே, பொண்ணுங்க வேலை செய்யற இடத்துல கக்கூஸ் வைக்கணும்னு சட்டமே இருக்குன்னியே. நிஜமாவா?"

"நிஜம்தான் சேச்சி. தொழிலாளர் சங்கக் கூட்டத்துல சொன்னாங்க."

"அப்போ இத்தனை வருஷமா நாம எதுக்கு அடக்கிக்கிட்டு நின்னோம்?"

எழுந்து நடக்க முடிந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகம் போய்ப் புகார் கொடுத்தாள். சோதனைக்கு வரும் நாளை அவளிடம் சொன்னார்கள். முதலாளிக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் மூன்றாம் மாடிக் கிடங்கின் மூலையில் பலகைத் தடுப்பு முளைத்தது. உள்ளே ஒரு புதுக் கழிப்பறைப் பீங்கான், ஒரு வாளித் தண்ணீர். கதவில் 'பெண்கள்' என்று பலகை.

"கேட்டா இருக்குன்னு சொல்லுங்க. வேலை வேணும்ல?" என்றான் சசிதரன்.

அதிகாரி வந்து கதவைத் திறந்து பார்த்தார். பெண்களைக் கேட்டார். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"நேத்துதான் வெச்சாங்க சார்" என்றேன்.

"புதுசா வெச்சதும் குத்தமா?" என்று முதலாளி சிரித்தார். "இப்ப இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று அதிகாரியும் கிளம்பினார்.

அப்போது, இன்னும் லீவில் இருந்த விலாசினி சேச்சி கைப்பிடியைப் பற்றிப் படியேறி வந்தாள். மூச்சு இரைத்தது.

"சார், ஒரு நிமிஷம் நில்லுங்க. எனக்கு அவசரம்."

யார் முகத்தையும் பாராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள்கூட இல்லை. சசிதரன் பாய்ந்து வந்தான். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"தள்ளுடி!"

"ஒரு பொம்பளை உள்ள இருக்கா. கைய வெச்சுப் பாரு."

உள்ளே வாளி கவிழும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் பலகைக்கு அடியிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பீங்கானுக்குக் கீழே குழாயே இல்லை. வெறும் தரையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மூத்திரமும் தண்ணீரும் துணிக்கட்டுகளை நனைத்துக்கொண்டு அதிகாரியின் செருப்பு வரை ஓடின. அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

சேச்சி வெளியே வந்தாள்.

"ரெண்டாவது தடவை சார், எல்லார் முன்னாடியும். இனி எனக்கு இழக்க மானம்னு ஒண்ணு இல்ல. இப்பவாவது எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அவர் எழுதினார். கடைக்கு உத்தரவு வந்தது, குழாய்க்காரர்கள் வந்தார்கள். இப்போது எங்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. ஆனால் சரக்கை நாசம் செய்தாள் என்று சொல்லி விலாசினி சேச்சியை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதை எதிர்த்து அவள் போட்ட வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய சிறுநீரகம் ஒன்று சுருங்கிவிட்டது.

போன ஞாயிறு பேப்பூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாயில் சுருண்டு கிடந்தாள்.

"தண்ணி வருதா மோளே?"

"வருது சேச்சி."

"உள்ள தாழ்ப்பாள்?"

"போட்டிருக்காங்க."

"என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

எழ வேண்டும் என்று கை நீட்டினாள். இடுப்பைத் தாங்கிக் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போனேன்.