சின்னப் புயல்

காந்தா தன் அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி முடிச்சுப் போட்டபோது, பந்தலில் டிரான்சிஸ்டர் புயலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில், சிறிய பரப்பில், மேற்கு நோக்கி நகர்கிறதாம்.

"சின்னப் புயலாம்," என்று சொல்லி ஊர் நாட்டாமை வரதன் டிரான்சிஸ்டரை அணைத்தார். "கடலப் பாரு, எவ்ளோ சாதுவா கீது. பெரிசுன்னா அலை முன்னாடியே வந்து சொல்லியிருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அலையைப் பார்த்துப் புயலை எடைபோட்டே பழகிய குப்பம் அது.

காந்தாவின் அப்பா கோதண்டம் விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில் பிணம் கிடக்கும்வரை குப்பத்தில் ஒருவரும் படகேறக் கூடாது என்பது வழக்கம். மகன் வராமல் பிணத்தை எடுக்கவும் கூடாது. மகன் மூர்த்தி விசாகப்பட்டினத்தில் விசைப்படகில் வேலை பார்த்தான். தந்தி போயிருந்தது, எப்படியும் நாளை வந்துவிடுவான். ஆக, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி, நடுவிலிருந்த மணல்திட்டில் மொத்தக் குப்பமும் கோதண்டத்தைச் சுற்றி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

காந்தாவால் அப்படி உட்கார முடியவில்லை. சென்னையில் வானிலை அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள், விடுப்பில் வந்திருந்தாள். அங்கே அதிகாரிகள் புயலை வைத்துப் போடும் சண்டைகளை, பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சண்டையைக் கேட்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். பந்தலுக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பார்த்தது பிடிக்கவில்லை.

"மாமா, இங்க வாங்க. ஒசரத்துல பஞ்சாட்டம் மேகம், எந்தப் பக்கம் போவுது?"

வரதன் கண்ணைச் சுருக்கினார். "மேக்கால."

"கீழ ஓடற கருப்பு மேகம்?"

"அதுவும் மேக்காலதான். அதுக்கு இன்னா இப்போ?"

"மேல் காத்து வேற பக்கம் இழுத்திருந்தா புயலு தலை தனியா, ஒடம்பு தனியா பிச்சிக்கினு போயிருக்கும். இங்க மேலயும் கீழயும் ஒண்ணாப் போவுது. அத்தக் கலைக்க ஒண்ணுமே இல்ல மாமா."

"சின்னதுதானேம்மா."

"அதான் பயமே. அண்டால ஒலை வெச்சா கொதிக்க எவ்ளோ நேரம் ஆவும்? சின்ன சட்டில வெச்சா? இது சின்ன சட்டி. பொசுக்குனு பொங்கிடும். அலை வந்து சொல்லட்டும்னு காத்துக்கினு இருந்தா, அலையும் அதுவும் சேந்தே வரும். இன்னிக்கே நைனாவ எடுத்துட்டு எல்லாரும் ஏரியத் தாண்டிடணும்."

வரதன் மறுபடியும் வானத்தைப் பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"நீ சொல்றது சரின்னே வெச்சுக்கோ. புள்ளை இல்லாம எப்படி எடுக்கறது? நாளைக்கு மூர்த்தி வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அம்மா பச்சையம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காந்தா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு நாள் அப்பாவோடு இப்படியே இருக்க அவளுக்கும் ஆசைதான். அவரை அவசரமாக அனுப்பும் வேலை தன் தலையிலா விழ வேண்டும் என்று நெஞ்சு வலித்தது. ஆனால் வானத்தைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அம்மா, நைனாவ எடுத்துடலாம்."

"ஒரே புள்ளடி அவன். அவன் வராம, அவரு மொகத்தப் பாக்காமயா?"

"அவன் வரும்போது நீயாவது இருக்கணும்மா."

பந்தலில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து பிள்ளைகள் மணலில் புரண்டன. அம்மா வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தூக்கிவந்து மகளின் தோளில் வைத்தாள்.

"இவளும் அவரு பெத்ததுதான். எடுங்க."

பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் பழக்கம் அங்கே இல்லை. யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள்.

"தூக்குங்கடா!" என்று வரதன் ஒரே அதட்டல் போட்டார்.

காந்தா குடத்தை உடைத்தாள். முதல் பிடி மண்ணையும் அவளே போட்டாள். போடும்போது தேம்பி அழுதாள்.

மண் மூடியதும் படகுகள் ஏரியில் இறங்கின. கிழவிகள், குழந்தைகள், கோழிகள், வலைகள் எல்லாம் ஏறின. பாதி ஏரியைத் தாண்டுவதற்குள் காற்று பாயைப் பிடுங்க ஆரம்பித்தது. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கடைசி ஆள் நுழைந்தபோது கதவைச் சாத்த நாலு ஆள் வேண்டியிருந்தது. வந்த வேகத்திலேயே புயல் கரையேறி ஓய்ந்தும் போனது.

சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் மூர்த்தி தாமதமாகத்தான் வந்தான். துண்டு முனையில் வாய்க்கரிசி முடிந்திருந்தான்.

"எவன் எடுக்கச் சொன்னது?" என்று பள்ளிக்கூட வாசலிலேயே கத்தினான்.

"நான்தான்," என்றாள் காந்தா.

"எங்க வெச்சீங்க நைனாவ?"

அவள் அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டினாள். அங்கே மணல்திட்டு இல்லை. குப்பமும் இல்லை, இடுகாடும் இல்லை. கடலும் ஏரியும் ஒரே தண்ணீராக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

மூர்த்தி அதைப் பார்த்தான். பிறகு திரும்பிப் பள்ளிக்கூட வாசலில் நின்ற குப்பத்து ஜனங்களைப் பார்த்தான். தண்ணீரில் முழங்கால்வரை இறங்கித் துண்டின் முடிச்சை அவிழ்த்து அரிசியைத் தூவினான்.

பச்சையம்மா அவனுக்குச் சோறு வாங்கத் தட்டோடு பள்ளிக்கூடத்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் ஒதுங்கினாள். சோற்றுக் குண்டான்வரை வரிசை முழுவதும் அவளுக்கு வழிவிட்டு நின்றது.