மாமியார் மன்னித்த கதை

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் தலைக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தவளைப் பத்திரிகை ஆசிரியர் தனியே கூப்பிட்டார்.

டிவி தொடர், விளம்பரம், சினிமாப் பாட்டு என்று வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதியே தலை நரைத்தவர் அப்பா. அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் யாராவது அப்பாவின் வேலையைக் கேட்டால், "பத்திரிகையில இருக்கார்" என்று மென்று விழுங்குவாள். சீரியல் பார்க்கச் சம்பளம் வாங்குகிறார் என்று எந்த வாயால் சொல்வது?

ஆசிரியர் கையில் இருந்தது அப்பாவின் கடைசிக் கட்டுரை. நேற்று ஆஸ்பத்திரியில் அவர் சொல்லச் சொல்ல இவள் செல்போனில் தட்டி அனுப்பியது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. மாமியார் மருமகளை மன்னிச்சிட்டான்னு எழுதியிருக்கார். நேத்து கடைசி எபிசோட்ல அந்தம்மா மருமகளைத் திரும்பிக்கூடப் பாக்கலையே. மருந்து மயக்கத்துல குழம்பிட்டார் போல."



நேற்று ஆஸ்பத்திரி வார்டில் டிவி இல்லை. செல்போனில் காட்டினால் தலை சுற்றுகிறது என்றார் அப்பா. "நீ வீட்டுக்குப் போய் பாத்துட்டு வந்து சொல்லும்மா. அந்த மாமியார் மூஞ்சிய மட்டும் நல்லா பாரு." போனாள். குளித்தாள். படுத்துத் தூங்கிவிட்டாள். அலுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அலட்சியம் என்பதுதான் நிஜம். திரும்பி வந்து வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டாள்: "மன்னிச்சிட்டாப்பா. எல்லாரும் சேந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"நிஜமாவா? அழுதாளா?"

"அழுதா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "மன்னிக்கவே மாட்டான்னு ஏழு வருஷமா எழுதிட்டேனே! எழுதிக்கோ. அந்த அம்மாளை நான் சரியாகப் பார்க்கவில்லை…" தான் தோற்றதை ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. பொழுது விடிவதற்குள் போய்விட்டார்.

"அவர் குழம்பல சார்," என்றாள் ஆசிரியரிடம். "நான் பாக்கவே இல்ல. சும்மா சொன்னேன்."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப ஏழு வருஷமா அவர் சொன்னதுதாம்மா கடைசில நடந்திருக்கு."

ஜெயித்தது தெரியாமலே அப்பா போய்விட்டார். ஓடிப்போய் அவரை உலுக்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கூடத்தில் அம்மா யாரையோ கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"விடுங்க, இது வேண்டாம். அவரோட பழைய கட்டுரை ஒண்ணு போட்டுடலாம்," என்றார் ஆசிரியர். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? சொல்லுங்க, அதையே போடறேன்."

அன்பாகத்தான் கேட்டார். ஒரே ஒரு தலைப்பாவது ஞாபகத்துக்கு வருமா என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். தெருவில் வண்டி வந்து நின்றது. உள்ளே யாரோ நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டார்கள்.

ஆசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.