இரண்டாவது முகவரிக்கு இரண்டு வாசல்

1

இந்தக் கதை ஒரு பழுதிலிருந்து வந்தது. கனவில் வந்தது, காற்றில் வந்தது என்றெல்லாம் அளக்கப் போவதில்லை. 2009, கொச்சியின் மட்டாஞ்சேரி, ஒரு மிளகுக் கிடங்கின் மாடி. எர்ணாகுளம் வேலையை உதறிவிட்டு அங்கே உட்கார்ந்து இணையதளம் அமைத்துத் தருகிறவள் சுபாஷிணி.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அன்று காயல் வெள்ளியாக மின்...’ வேண்டாம். காயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (உண்டு. பொறுங்கள்.)

2

வெளிநாட்டில் எங்கோ வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி. அதில் கிடங்குக்காரரின் தளம் ஏற்கெனவே ஓடுகிறது. மாடியில் இடம் தந்ததற்காகச் செய்துகொடுத்தது. சொந்தமாகக் கிடைத்த முதல் வாடிக்கை, வைப்பின் தீவிலிருக்கும் கமலாக்ஷி மாமி. கடுமாங்காய் ஊறுகாய் விற்க அவளுக்கொரு தளம் வேண்டும். அந்நாளில் பாதுகாப்புப் பூட்டுப் போட ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவை. அதே கணினிக்கு இரண்டாவது முகவரி வாங்கினாள் சுபாஷிணி.

கணினிக்குள்ளிருந்தே சோதித்தால் தளம் ஜோராகத் திறக்கிறது. மாமி வீட்டிலோ வெறும் வெள்ளைத் திரை. நாள் கணக்காக இதே கூத்து. மாமி கைவிட்டால் மறுபடி எர்ணாகுளம், மறுபடி எவனோ ஒருவனின் அதட்டல். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தளத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டாள்.

(அவளைத் தைரியசாலியாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

3

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல மாமி நேரிலேயே வந்துவிட்டாள். படகு அவளைக் கிடங்கின் காயல்பக்க வாசலில் இறக்கிவிட்டது. தனக்குத் திறக்கிறதே என்று சுபாஷிணி திரையைக் காட்டினாள்.

“உள்ளே இருந்துண்டு தெறக்கறது தெறக்கறதுன்னா எப்படி? வாங்கறவா வெளியிலேயாக்கும் இருக்கா, கேட்டியா?”

சொல்லிவிட்டுத் தெருவாசலுக்குப் போனவளைக் காவல்காரர் விஸ்வேஸ்வரன் மறித்தார். தெருவழியாக நுழைந்தவர்களுக்குத்தான் அங்கே நுழைவுச் சீட்டு. சீட்டில்லாதவர் வந்த வழியே போகவேண்டும். மாமி போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

சுபாஷிணிக்குச் சட்டென்று உறைத்தது. ‘தளத்தைக் காட்டு’ என்று இரண்டாவது முகவரிக்கு வரும் கேள்வி ஒழுங்காக உள்ளே வருகிறது. பதில்தான் பழக்கதோஷத்தில் முதல் முகவரியின் வாசலுக்குப் போகிறது. அங்கே அதைத் தடுத்துவிடுகிறார்கள்.

(இவ்வளவு வாகாக ஒரு காவல்காரர் வாய்ப்பாரா என்று முகம் சுளிக்காதீர்கள். அவரை நீக்கிப் பார்த்தேன். கதை நகர மாட்டேன் என்கிறது.)

4

வந்த வாசல் வழியே பதில் போகட்டும் என்று ஒரு விதி எழுதினாள். சோதித்தாள். திறந்தது. இது எப்போதும் திறப்பதுதானே! படிகளில் தடதடவென்று இறங்கி, படகுக்கு நின்ற மாமியைப் பிடித்தாள்.

“மஸ்கட்லே உங்க பொண்ணு இருக்காளோன்னோ, மாமி? ஒரு தடவை பாக்கச் சொல்லுங்கோ.”

மாமி போனைக் காதில் வைத்துக்கொண்டு ம்... ம்... என்கிறாள். படகு வந்து நிற்கிறது. முகத்தைப் பார்த்து எதுவும் சொல்வதற்கில்லை.

முடிவு ஒன்று: மாமி சிரிக்கிறா...

முடிவு இரண்டு: மாமி படகில் ஏறி...

இரண்டையும் என் மேசையில் இருந்தபடி படித்துப் பார்க்கிறேன். இரண்டுமே ஜோராக இருக்கின்றன. அதுதான் எனக்குப் பயம். நான் இந்தக் கதைக்குள் இருக்கிறேன். எனக்குத் திறக்கத்தான் செய்யும். வெளியே இருப்பவர் நீங்கள்.

சொல்லுங்கள், திறந்ததா?