தொட்ட யானை

எங்கள் படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செஸ்ஸில் இன்றைக்குத் தோற்றவன் நாளைக்குக் கறுப்புக் காயை வைத்து ஆட வேண்டும். யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் பல வழக்கம் அப்படித்தான், கேட்டால் முறைப்பார்கள். வெள்ளைக்காரன் முதலில் நகர்த்துவான், கறுப்புக்காரன் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து நான் வெள்ளைக் காயைத் தொடவே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. வைகாசியில் கருட சேவைக் கூட்டம் வடிந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, சின்ன காஞ்சிபுரம் சபாவோடு எங்களுக்குப் போட்டி நடக்கும். பக்கத்துக்கு நாலு பேர். போட்டி ஆரம்பித்த நாளிலிருந்து நாலாவது பலகை என்னுடையது. அந்தப் பலகையில் எங்களுக்குக் கறுப்புதான். எதிரில் வாசுதேவ் உட்காருவான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். நன்றாக ஆடுவான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயித்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உடம்பைப் பார்த்துக்கோங்கோ பெரியவரே" என்பான். செஸ்ஸில் தோற்றவனுக்கு உடம்பில் என்னடா கோளாறு?

சித்திரையில் ஒரு நாள் நான் நெய்துகொண்டிருந்தபோது ஆனந்தகுமார் தறியடிக்கே வந்தான். படிப்பகத்துச் செயலாளர் அவன்தான். ஜெராக்ஸ் கடைக்காரன்.

"ணா, தப்பா எடுத்துக்காத. இந்த வாட்டி நாலாவது பலகைக்கு என் மச்சானைக் குந்த வெக்கலாம்னு பாக்கறேன்."

"உன் மச்சான் குதிரையை நேரா ஓட்றவன்டா."

"கத்துப்பான், வயசு இருக்குது. நீ வருசா வருசம் வாசுதேவ் கிட்ட தோத்துக்கினு வர்ற. ஊர்ல கேக்கறாங்கோ."

"எந்த ஊர்ல? யாரு கேட்டது, பேர் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். கடைசியில், "சரிணா, இந்த ஒரு வாட்டி நீயே ஆடு. தோக்காம வந்தா போதும். டிரா ஆனாக்கூட நாலாவது பலகை உனக்குத்தான், நீயா வேணாம்னு சொல்ற வரைக்கும். தோத்தன்னா மச்சான்" என்றான்.

தனியாகச் சொன்ன பேச்சு காற்றோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அவனைப் படிப்பகத்துக்கு இழுத்துப் போய், கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அதையே திரும்பச் சொல்ல வைத்தேன்.

தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள் ஹேமாம்புஜம். சின்ன காஞ்சிபுரத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். போன் பக்கத்தில் காந்தக் காய் வைத்த சின்ன செஸ் பலகை ஒன்று எப்போதும் கிடக்கும். ஆள் இல்லாத நேரத்தில் தனக்குத் தானே ஆடிக்கொண்டிருப்பாள். நான் மகளுக்குப் போன் போடப் போனபோது சொன்னாள்:

"ஆனந்தகுமார் சொன்னார். கறுப்புக்கு ஒரு நல்ல தடுப்பு இருக்கு, சொல்லித் தரட்டுமா?"

என் முகம் மாறியிருக்க வேண்டும். ஏனென்றால் இவள் வாசுதேவின் கூடப் பிறந்த அக்கா.

"தம்பி அனுப்பினானா உன்னை?"

"அவன் அனுப்பி நான் வர்ற வழக்கம் எங்காத்துல இல்லை."

"அப்புறம் உனக்கு இன்னாம்மா லாபம்?"

"சபாவுல லேடீஸை ஆட விட மாட்டா. கேட்டா இடம் போறலையாம். அவனுக்குக் காய் நகர்த்தச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நான் சொல்லிக் குடுத்த ஆட்டம் ஒரு தடவை அந்தக் கூடத்துக்குள்ள போகட்டும். அவ்வளவுதான்."

"சரி, உன் தம்பி எப்படி ஆடுவான், எங்க கோட்டை விடுவான்? அதைச் சொல்லு முதல்ல."

"அதைச் சொல்ல மாட்டேன். அவன் என் தம்பி. கறுப்பு எப்படி நிக்கணும்னு மட்டும் சொல்வேன். வேணும்னா உட்காருங்கோ."

பாதி சொல்கிறவளை எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்து யோசித்தேன். கெடுக்க வந்தவள் என்றால் தம்பியின் குட்டு என்று ஏதாவது பொய்யை அள்ளிக் கொட்டியிருப்பாள். மாட்டேன் என்றவள் பரவாயில்லை. மறுநாள் போய் உட்கார்ந்தேன்.

தடுப்பின் பெயர் காரோ-கான். எப்போதோ செத்துப்போன இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் பேராம். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. வெள்ளை தன் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவான். நானும் அதே மாதிரி தள்ளி முட்டிக்கொண்டு நிற்பதுதான் என் பழக்கம். இதில் அப்படி இல்லை. என் ராணிக்குப் பக்கத்தில் ஒரு மந்திரி இருக்கிறானே, அவன் முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். பார்க்கிறவனுக்குப் பயந்தாங்கொள்ளி ஆட்டம் மாதிரி இருக்கும். அடுத்து ராணி முன்னால் இருக்கும் சிப்பாயை நடுவுக்கு இரண்டு கட்டம். முதல் சிப்பாய் பின்னால் இருந்து இதைத் தாங்கும். வெள்ளை மேலே ஏறி வந்தால், அந்த மந்திரியை வெளியே அனுப்பிவிட்டு, ராஜா சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்.

நான் கதவை முதலில் சாத்தினேன்.

"மந்திரி உள்ளே மாட்டிண்டான் பாருங்கோ" என்றாள் ஹேமாம்புஜம். "முதல்ல ஆளை வெளியில அனுப்பணும். அப்புறம் கதவு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்போ உங்காத்துல நீங்க வெளியில நிக்கறச்சே கதவைச் சாத்தச் சொல்றேன். ஒண்ணான்னு பாருங்கோ."

பிறகு ஒரு தடவை, "தறியில பாவு மாதிரின்னு வெச்சுக்கோங்கோளேன்" என்று ஆரம்பித்தாள்.

"தறியைப் பத்தி நீ எனக்குச் சொல்லாதம்மா. செஸ்ஸு சொல்லு, கேக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் தறி பக்கம் போகவில்லை. ஆனால் வேறு ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கை, கை. தொடாதீங்கோ."

எங்கள் தெருவில் எல்லோர் கையும் அப்படித்தான். ஒரு இழை விலகி நின்றால் கண் சொல்வதற்கு முன்னால் விரல் போய்விடும். பலகையில் ஒரு காய் கட்டத்துக்கு நடுவில் நிற்காமல் ஓரமாக நின்றால், சரி செய்யாமல் எங்களால் இருக்க முடியாது. எதிராளி காயைக்கூடச் சரி செய்வோம். ஆடும்போதே பலகையில் கிடக்கும் நூல் பிசிறைப் பொறுக்குவோம். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்ற சட்டத்தை எங்கள் படிப்பகத்தில் வைத்தால் ஒரு ஆட்டமும் நடக்காது.

"அங்க தொட்டா ஆடணும். சரி பண்றேன்னு வாயால சொல்லிட்டு அப்புறம் தொடணும். என் தம்பி விட மாட்டான்."

"அவனைப் பத்திச் சொல்ல மாட்டேன்னியே?"

"இது அவனைப் பத்தி இல்லை. உங்க கையைப் பத்தி."

நாற்பது வருஷமாகத் தறியில் ஓடுகிற கை, எனக்குத் தெரியும், நீ சும்மா இரு என்றேன்.

அவள் சொன்ன தடுப்பை உடனே நம்பிவிடவில்லை. படிப்பகத்தில் பஞ்சாட்சரத்திடம் ஆடிப் பார்த்தேன். முட்டி மோதி ஆடுகிறவன் அவன். எப்போதும் என்னை வெகு சீக்கிரம் முடித்துவிட்டு டீக்குப் போகிறவன், அன்று விளக்கு போடும் வரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாணா இது, எங்க குத்தினாலும் செவுரு மாதிரி இருக்குது?"

"குத்து, குத்து. கை நோவட்டும்."

அந்த ஆட்டம் டிரா. டிரா என்றால் யார் கறுப்பு என்று வழக்கத்தில் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் நானே கறுப்பை எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளும். என் சம்சாரம் காமாட்சியம்மாள், "கோயில்ல குந்தி எழுந்தா முட்டி நோவுதாம். போன் கடையில குந்தினா மட்டும் நோவல போல" என்றாள். உண்மைதானே.

போட்டி நாள் வந்தது. சபாக் கூடத்தில் நாலு மேஜை, மேலே கடகடவென்று ஒரு ஃபேன். எங்கள் ஆட்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். ஆனந்தகுமாரின் மச்சான் புதுச் சட்டையில் வந்திருந்தான்.

வாசுதேவ் ராஜா சிப்பாயைத் தள்ளினான். நான் மந்திரி முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான்.

"இது யார் சொல்லிக் குடுத்தா?"

"ஆட்டத்தைப் பாரு தம்பி."

அவன் ஏறி வந்தான். மந்திரியை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். அவன் தன் ராஜாவை வலது பக்கம் கொண்டு போய்க் கோட்டை கட்டிக்கொண்டான். நான் இரண்டு குதிரைகளையும் எடுத்துச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினேன். ராஜா பக்கத்து ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். எனக்கே ஆச்சரியம், எங்கும் ஓட்டை இல்லை. இனி ராஜாவுக்கு நானும் கோட்டை கட்டிவிட்டால் முடிந்தது.

அப்போதுதான் பார்த்தேன். ராஜா பக்கத்து மூலையில் என் யானை கட்டத்துக்குள் சரியாக நிற்கவில்லை. கொஞ்சம் வெளியே சாய்ந்து நின்றது.

விரல் போய்விட்டது.

"தொட்டுட்டேள்" என்றான் வாசுதேவ்.

"சரி பண்ணேன்பா."

"சொல்லிட்டுப் பண்ணணும். யானையைத்தான் ஆடணும்."

நடுவர் வந்தார், தலையை ஆட்டினார். சுவர் ஓரத்தில் ஆனந்தகுமார் தலையில் கை வைத்தான். மச்சான் சட்டைக் காலரைச் சரி செய்தான். அதை நான் மறக்க மாட்டேன்.

யானையை நகர்த்தினால் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. பழைய ஆட்டமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். என் பழைய ஆட்டத்தில் ஒரு காய் தப்பாக நகர்ந்தால் மொத்தமும் சரிந்துவிடும். இப்போது பலகையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தேன். நடுவில் சிப்பாய்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. என் ராஜாவிடம் வருவதற்கு அவனுக்கு வழியே இல்லை. கோட்டை இல்லாவிட்டால் என்ன, ராஜா நின்ற இடத்திலேயே நிற்கட்டும். யானை போகக்கூடிய இடம் இரண்டே. ஒரு கட்டம் மேலே, அல்லது குதிரை காலி செய்துவிட்டுப் போன பக்கத்துக் கட்டம். பக்கத்துக் கட்டத்தில் வைத்தேன்.

அவன் தன் மந்திரி ஒன்றை வெளியே எடுத்தான். நான் யானைக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளினேன்.

வாசுதேவ் வெகு நேரம் யோசித்தான். பிறகு சிரித்தான். "டிரா வெச்சுக்கலாமா பெரியவரே? வெயில் வேற."

ஆனந்தகுமார் அங்கிருந்தே கையைக் காட்டினான், வாங்கு வாங்கு என்று. டிரா போதும். நாற்காலி எனக்குத்தான். தலையை ஆட்டினால் முடிந்தது.

எனக்குச் சும்மா கொடுக்கிறவனைக் கண்டால் ஆகாது. ஜெயிக்கிற ஆட்டத்தை எவனாவது வெயிலுக்காக விடுவானா? அவன் கண்ணுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. என்ன என்று எனக்கு முழுசாகத் தெரியவில்லை. ஆனால் என் பக்கம் ஒவ்வொரு காயாகப் பார்த்தேன். ஒன்றுகூட அநாதையாக நிற்கவில்லை.

"வேணாம் தம்பி. ஆடலாம்."

ஆனந்தகுமார் வெளியே போய்விட்டான்.

வாசுதேவுக்கு முகம் சிவந்தது. நான் தள்ளிய சிப்பாயைக் குதிரையால் வெட்டினான். சுவரைக் குதிரையைக் கொடுத்தாவது உடைத்துவிடலாம் என்று கணக்கு. நான் ஓரத்துச் சிப்பாயால் அந்தக் குதிரையை எடுத்தேன். அடுத்து தன் மந்திரியால் அந்தச் சிப்பாயை எடுத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தான். கை மந்திரிக்கு மேலே வந்து அப்படியே நின்றது.

அந்தச் சிப்பாய்க்குப் பின்னால், இடையில் ஒரு காய்கூட இல்லாமல், என் யானை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஆட வைத்த யானை. மந்திரி வந்தால் யானை எடுத்துவிடும். மூலையிலேயே இருந்திருந்தால் அதற்கு அந்த வழி இல்லை.

அவன் விரல் மந்திரியைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தொட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

கையை எடுத்துக்கொண்டான். ஒரு குதிரை போனது போனதுதான். அதற்குப் பிறகும் கெட்டிக்காரத்தனமாக இழுத்தான். நான் அவசரப்படவில்லை. கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஆடும்போது மட்டும் எடுத்தேன். கடைசியில் அவன் தன் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"உடம்பைப் பாத்துக்கோ தம்பி" என்றேன்.

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா தானே சொல்லிக் குடுத்தா?"

"நேரா அவகிட்ட கேளு. அப்படியே சபாவுல ஒரு நாற்காலி போடு."

வாசலில் ஆனந்தகுமார் சோடா குடித்துக்கொண்டிருந்தான். யாரோ சொல்லி ஓடி வந்தான். "ணா! உன்ன மாதிரி..." என்று ஆரம்பித்தான்.

"மச்சானுக்குக் குதிரை எப்படிப் போவும்னு சொல்லிக்குடு. அப்புறம் பேசலாம்."

பூத்துக்குப் போனேன். யாரோ பம்பாய்க்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடியும் வரை நின்றேன். ஹேமாம்புஜம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"யானையைத் தொட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும். தொடுவேள்னு தெரியும். சுவர் நின்னுதா?"

"நின்னுது."

அவள் காந்தப் பலகையை என் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் படிப்பகத்தில் பஞ்சாட்சரம் பலகையை விரித்து, ஜெயித்த ஆள் என்று வெள்ளையை என் பக்கம் அடுக்கினான். வழக்கப்படி அதுதான் சரி. நான் பலகையை அப்படியே திருப்பி வைத்தேன்.

"இன்னாணா, வெள்ளை வேணாமா?"

"நீ ஆரம்பி. நான் பதில் சொல்றேன்."